பச்சை விளக்கு எதை நம்பி எரிய வேண்டும்: டயல்-அப் லைனுக்கு ஒரு டாக் ஆப்லெட்

அம்பாசமுத்திரத்தில் ஒரு டிடிபி கடைக்காக 2004 வாக்கில், போன் லைனில் டயல் செய்து இணையத்தில் நுழைந்த டயல்-அப் காலத்தில், நான் எழுதிக் கொடுத்த சின்ன நிரலைப் பற்றிய பதிவு இது. டாக் ஆப்லெட் என்றால் திரையோரப் பட்டையில் (டாக்) உட்காரும் குட்டி நிரல். திரையின் வலது ஓரத்தில் 64க்கு 64 புள்ளி அளவில் ஒரு பெட்டி. டயல் செய்ய ஒரு பொத்தான், துண்டிக்க ஒரு பொத்தான், மூலையில் ஒரு விளக்கு, நடுவில் சின்ன வரைபடம், அடியில் ஒரு கோடு. பார்வைக்கு அவ்வளவுதான். ஆனால் அந்த விளக்கு எந்த ஆதாரத்தை வைத்துப் பச்சையாக எரியலாம் என்ற கேள்விக்குத்தான் வேலையில் பெரும்பங்கு போனது. வேறு வகை லைனுக்கு இப்படி ஒன்றைச் செய்கிறவர்களுக்கும் அந்தப் பகுதி உதவும் என்பதால் அதை விரிவாகவே எழுதுகிறேன்.

கடையில் இரண்டு கணினி. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் ஓடும் கணினியில் அண்ணாச்சி உட்கார்ந்திருப்பார். கோயில் கொடை நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட வினாத்தாள், பங்குனி உத்திரம் நெருங்கினால் சாஸ்தா கோயில் வரி ரசீது என்று வருஷம் முழுக்க வேலை இருக்கும். முடித்த பக்கங்களைச் சிவகாசியில் இருக்கும் அச்சகத்துக்கு மெயிலில் அனுப்ப வேண்டும். பக்கத்து மேசையில் ஒரு பழைய பென்டியம், 64 எம்பி நினைவகம். அதில் டெபியன் லினக்ஸ் போட்டு, வெளியே வைக்கும் சீரியல் மோடத்தை மாட்டி, இரண்டு கணினிக்கும் அதையே இணைய வாசலாக்கியிருந்தோம். கணினிக்குள் செருகும் மலிவு மோடங்களில் பாதி வேலையை விண்டோஸ் டிரைவர்தான் செய்யும். லினக்ஸில் அவற்றோடு மல்லுக்கட்டுவதைவிட வெளி மோடம் எவ்வளவோ மேல். கனமான டெஸ்க்டாப் எதுவும் அந்த இயந்திரத்தில் நகராது என்பதால் விண்டோ மேக்கர் என்ற இலகுவான ஜன்னல் மேலாளர்.

லைன் ஒன்றுதான். வாடிக்கையாளர் போனும் அதில்தான் வரும். மோடம் மேசைக்கு அடியில், போன் மேசைக்கு மேலே, இரண்டும் ஒரே வயரில் இணையாக. மெயில் போகும்போது கடைக்கு யாரும் போன் போட முடியாது. யாராவது ரிசீவரை எடுத்துவிட்டால் மெயில் அறுந்துவிடும். அண்ணாச்சி கேட்டது இதுதான்: "தம்பி, கமாண்டெல்லாம் அடிச்சிட்டிருக்க எனக்கு நேரமில்ல. ஒரு பித்தான அமுக்கினா லைன் போணும், இன்னொண்ண அமுக்கினா நிக்கணும். லைன் இருக்கா இல்லையான்னு பாத்த ஒடனே தெரியணும். துட்டு எவ்வளவு ஓடுதுன்னும் தெரிஞ்சா நல்லது."

விண்டோ மேக்கருக்கென்றே டபிள்யூஎம்பிபிபி என்ற ஆப்லெட் ஏற்கெனவே உண்டு. இணைக்க, துண்டிக்கப் பொத்தான்கள், எவ்வளவு நேரமாக லைனில் இருக்கிறோம் என்ற கணக்கு, போக்குவரத்து வரைபடம் எல்லாம் அதில் இருந்தன. முதலில் அதைத்தான் போட்டோம். நன்றாகவே ஓடியது. பிறகு கடையிலிருந்து இரண்டு விதமான புகார் வர ஆரம்பித்தது.

ஒன்று: "பச்சை எரியுதுல்லா தம்பி, அப்புறம் ஏன் மெயில் போவ மாட்டேங்கு?"

மற்றது அதற்கு நேர் எதிர். விளக்கு அணைந்திருக்கும். சரி, லைன் விட்டுவிட்டது என்று போனை எடுத்தால் காதில் மோடத்தின் இரைச்சல் கேட்கும். அதாவது கணினி கையைக் கழுவிவிட்டது, மோடம் இன்னும் போனைக் கீழே வைக்கவில்லை, மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.

லைன் இருக்கிறது என்றால் என்ன

வெளியே ஒரே பேச்சாகச் சொல்வது உள்ளே நான்கு படி. முதலில் இரண்டு மோடங்களும் ஒன்றின் கேரியரை (லைனில் ஓயாமல் ஒலிக்கும் அடிப்படை ஒலியை) ஒன்று பிடிக்க வேண்டும். பிடித்ததும் நம் மோடம் சிடி என்ற கம்பியில் மின்னழுத்தம் ஏற்றிக் கணினிக்குச் சொல்லும். அடுத்து, இணைப்பை நடத்தும் பிபிபிடி என்ற நிரல் எதிர்முனையோடு (இணையச் சேவை நிறுவனத்தோடு) எல்சிபி என்ற இணைப்பு விதிப் பேச்சை முடித்து, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து அனுமதி வாங்கும். மூன்றாவதாக ஐபி முகவரி கிடைத்து, பிபிபி0 என்ற இடைமுகம் எழுந்து, ஐபி-அப் ஸ்கிரிப்ட் ஓடும். கடைசிப் படி, உண்மையிலேயே பைட்டுகள் போய் வருவது.

பெரும்பாலான கண்காணிப்பு நிரல்கள் மூன்றாவது படியைப் பார்த்துத்தான் பச்சை காட்டும். பிபிபி0 ஒருமுறை எழுந்துவிட்டால், யாராவது இறக்கும்வரை எழுந்தே இருக்கும். அடியில் கேரியர் அறுந்தால் அந்தச் செய்தியை மேலே கொண்டுவருவது சிடி கம்பி. அது விழுந்த உடனே லினக்ஸின் மையமான கெர்னல் பிபிபிடிக்கு ஹேங்-அப் சிக்னல் அனுப்பும். பிபிபிடி 16 என்ற வெளியேறும் எண்ணோடு முடித்துக்கொள்ளும். இதற்கு நொடி கூட ஆகாது.

கடையில் அப்படி நடக்கவே இல்லை. பதிவுக் கோப்பைப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் 15தான். எதிர்முனை எல்சிபி எக்கோவுக்கு ('இருக்கிறாயா' என்று அவ்வப்போது கேட்கும் கேள்விக்கு) பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். டெபியனோடு வரும் அமைப்பில் 30 நொடிக்கு ஓர் எக்கோ, தொடர்ந்து நான்குக்குப் பதில் இல்லாவிட்டால் துண்டிப்பு. ஆக லைன் செத்த பிறகும் இரண்டு, இரண்டரை நிமிடம்வரை பச்சை எரிந்துகொண்டே இருக்கும். 16 ஒருமுறைகூட வராததுதான் என்னைக் கேபிள் பக்கம் திருப்பியது.

லினக்ஸில் சீரியல் போர்ட்டின் நிலையைப் போர்ட்டைத் தொடாமலே பார்க்கலாம். ப்ராக் அடைவுக்குள் டிடிஒய், அதற்குள் டிரைவர், அதற்குள் சீரியல் என்றொரு கோப்பு. போர்ட்டுக்கு ஒரு வரி இருக்கும். எத்தனை பைட் போனது, வந்தது, வரியின் கடைசியில் இப்போது எந்தெந்தக் கம்பிகள் ஏறியிருக்கின்றன என்ற பட்டியல்: ஆர்டிஎஸ், சிடிஎஸ், டிடிஆர், டிஎஸ்ஆர், சிடி. போர்ட்டை நாமே திறந்து பார்ப்பதில் ஓர் ஆபத்து உண்டு. திறந்தால் டிடிஆர் (கணினி தயார் என்று மோடத்துக்குச் சொல்லும் கம்பி) ஏறும், கடைசியாக மூடுகிறவர் கையில் அது இறங்கும். பார்க்கப் போன நிரலே லைனை ஆட்டிவிடும். கோப்பைப் படிப்பதில் அந்தத் தொல்லை இல்லை.

டயல் செய்து இணைத்துவிட்டு, மோடத்தின் பவர் அடாப்டரையே பிடுங்கினேன். மோடத்தில் ஒரு விளக்கும் இல்லை. கோப்பில் சிடி இன்னும் ஏறியே இருந்தது. மின்சாரமே இல்லாத மோடம் கேரியர் இருக்கிறது என்று சொல்ல வழியில்லை. சொல்வது கேபிள்.

கேபிளுக்குள்

மோடத்தோடு வந்த கேபிள் அது. ஒரு முனையில் கணினிக்கான 9 ஊசி இணைப்பான், மறுமுனையில் மோடத்துக்கான 25 ஊசி. 9 ஊசிப் பக்கத்து மூடியின் இரண்டு திருகைக் கழற்றிப் பிரித்தால், உள்ளே மூன்றே கம்பிகள்: வருவது, போவது, கிரவுண்ட். 1, 4, 6 ஆகிய மூன்று ஊசிகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து ஈயம் வைத்திருந்தார்கள். 7-ஐயும் 8-ஐயும் இன்னொரு துண்டு. கணினிப் பக்கத்தில் 1 சிடி, 4 டிடிஆர், 6 டிஎஸ்ஆர். கணினி தானே ஏற்றும் டிடிஆர், கேபிளுக்குள்ளேயே திரும்பி வந்து சிடியாகவும் டிஎஸ்ஆராகவும் நின்றது. கணினி தன் குரலின் எதிரொலியைக் கேட்டுக்கொண்டிருந்தது.

இரண்டு புகாரும் இங்கேயே விளங்கிவிட்டன. கேரியர் அறுந்தாலும் சிடி விழாது, அதனால் பச்சை அணையாது. அதேபோல, பிபிபிடி வெளியேறும்போது போனை வைக்கச் சொல்லி டிடிஆரை இறக்கும். ஆனால் அந்தக் கம்பி மோடம்வரை போகவே இல்லை. வழக்கமான துண்டிப்பில் இது வெளியே தெரியாது. பிபிபிடி எதிர்முனைக்கு முறைப்படி விடைசொல்லும், எதிர்முனை போனை வைக்கும், நம் மோடமும் கேரியர் போனதைப் பார்த்து வைத்துவிடும். எதிர்முனையின் சர்வர் திகைத்து நின்று கேரியர் மட்டும் உயிரோடிருக்கும் நாட்களில்தான் போன் வைக்கப்படாமல் கிடக்கும்.

7, 8 துண்டு செய்த கெடுதல் இன்னும் பெரிது. ஆர்டிஎஸ், சிடிஎஸ் இரண்டும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிகள். கணினிக்கும் மோடத்துக்கும் இடையே 115200 வேகம். ஒரு பைட்டுக்கு 10 பிட் வீதம் நொடிக்கு 11,520 பைட். மோடத்திலிருந்து லைனில் போவதோ, மேலே ஏறும் திசையில் அதிகபட்சம் 33600. பிழைதிருத்தம் உள்ள இணைப்பில் பைட்டுக்கு 8 பிட்தான், அதனால் நொடிக்கு 4,200 பைட். 56கே என்று பெட்டியில் எழுதியிருப்பது வி.90 முறையில் கீழே இறங்கும் திசைக்கு மட்டும். கடையின் வேலையெல்லாம் மேலே ஏற்றுவது. 11,520 ஊற்றும் குழாயின் அடியில் 4,200 போகும் துளை. "போதும், நிறுத்து" என்று மோடம் சிடிஎஸ்ஸை இறக்கிச் சொல்வது கணினிக்குக் கேட்காததால், மோடத்தின் பஃபர் நிரம்பி வழிந்து பாக்கெட்டுகள் சிதைந்தன. தொலைந்ததைத் திரும்ப அனுப்பும் இணைய விதிமுறையான டிசிபி மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருந்தது. மெயில் ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது என்பதற்கும் விடை இதுவே.

திருநெல்வேலி ஜங்ஷனில் ஒன்பது கோர் ஷீல்டு கேபிளும் புது இணைப்பான்களும் வாங்கி வந்து, பழைய துண்டுகளை எடுத்துவிட்டுப் புதிதாக ஈயம் வைத்தேன். செய்கிறவர்களுக்கு இணைப்பு இதோ, 9 ஊசி முதலில், 25 ஊசி அடுத்து: 1க்கு 8, 2க்கு 3, 3க்கு 2, 4க்கு 20, 5க்கு 7, 6க்கு 6, 7க்கு 4, 8க்கு 5, 9க்கு 22. ஒவ்வொன்றையும் மல்டிமீட்டர் பீப் வைத்துப் பார்த்து, பக்கத்து ஊசியோடு ஒட்டவில்லை என்றும் பார்த்துவிட வேண்டும். மோடத்துக்கு &சி1, &டி2 கொடுத்து, &டபிள்யூ போட்டு அந்தக் கட்டளைகளைச் சேமித்தேன். முதலாவது சிடியைக் கேரியரோடு சேர்ந்து ஏறி இறங்கச் சொல்வது. இரண்டாவது டிடிஆர் விழுந்தால் போனை வைக்கச் சொல்வது. பிபிபிடி அமைப்பில் ஆர்டிஎஸ்-சிடிஎஸ் கட்டுப்பாட்டை இயக்கினேன்.

புதுக் கேபிளில் உடனே ஒரு பக்க விளைவு தெரிந்தது. சிடி உண்மை பேச ஆரம்பித்ததும், ஒரு கணம் கேரியர் தடுமாறினாலும் இணைப்பு அறுந்தது. மோடத்தின் எஸ்10 பதிவேட்டில் இதற்கான பொறுமை இருக்கிறது, நொடியில் பத்தில் ஒரு பங்கு என்ற அலகில். எங்கள் மோடத்தில் 14 இருந்தது, அதாவது 1.4 நொடி. 50 ஆக்கினேன். ரிசீவரைத் தெரியாமல் தூக்கி உடனே வைத்தால் பெரும்பாலும் மோடங்கள் தங்களுக்குள் சரிசெய்துகொண்டு தொடர்ந்துவிடும். 255 வரை போகத் தேவையில்லை. பல மோடங்களில் அந்த எண்ணுக்குக் கேரியர் போனாலும் கண்டுகொள்ளாதே என்று அர்த்தம், மறுபடி பழைய கதைதான்.

பெட்டியை எழுதியது

இனி ஆப்லெட். விண்டோ மேக்கரின் டாக்கில் உட்காரும் நிரலுக்குத் தனி மந்திரம் கிடையாது. லினக்ஸில் திரையை வரையும் எக்ஸ் அமைப்பின் சாதாரண ஜன்னல்தான். ஆரம்ப நிலையை 'வித்ட்ரான்' என்று குறித்து, ஐகான் ஜன்னலாக நம் 64க்கு 64 ஜன்னலையே காட்டிவிட்டால் விண்டோ மேக்கர் அதை எடுத்து டாக்கில் வைத்துக்கொள்ளும். ஃப்ளக்ஸ்பாக்ஸ் என்ற வேறொரு ஜன்னல் மேலாளரின் ஸ்லிட்டிலும் அதே நிரல் அப்படியே உட்கார்ந்தது. படங்கள் எல்லாம் எக்ஸ்பிஎம் கோப்பில். விளக்கின் ஒவ்வொரு நிறமும், எண்களும், சொற்களும் ஒரே பெரிய படத்தில் ஓரமாக வரையப்பட்டிருக்கும். தேவையானதை வெட்டி உரிய இடத்தில் ஒட்டுவதுதான் வரைகிற வேலை. கால் நொடிக்கு ஒருமுறை விழித்து, ஏதாவது மாறியிருந்தால் மட்டும் வரையும். அந்தப் பென்டியத்தில்கூட அது ஓடுவதே தெரியாது.

எக்ஸ்பிஎம்மில் எனக்குப் பிடித்த வசதி, அது வெறும் உரைக் கோப்பு என்பது. ஒவ்வொரு எழுத்தும் ஒரு நிறப் புள்ளி. அன்றைய எக்ஸ் எழுத்துருக்களை வைத்துத் தமிழைச் சரியாகக் கோத்துக் காட்டுவது பெரும் பாடு. படமாக வரைந்துவிட்டால் அந்தப் பிரச்சினையே இல்லை. விளக்குக்குப் பக்கத்தில் நிலையைச் சொல்ல 11 புள்ளி உயரத்தில் ஒரு பட்டை விட்டு, கடையில் புழங்கும் சொற்களையே வரைந்தேன்: டயல், பிஸி, டோன், கட். 'பிஸி'யில் ப-வுக்கு 6 புள்ளி அகலம் போதும், ஆனால் மேலே சுழி வளைய 3 வரிசை தனியாக வேண்டும். அதனால் எழுத்தின் உடலை 7 வரிசைக்குள் அடக்க வேண்டியிருந்தது. மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளியை ஒரே ஒரு திரைப்புள்ளியாக வைத்தால் கண்ணுக்குப் படவே இல்லை. 2க்கு 2 வைத்ததும் 'கட்' தெளிவாகத் தெரிந்தது. டோன் இல்லாவிட்டால் 'டோன்' மேல் ஒரு சிவப்புக் கோடு. 'இல்லை' என்று எழுத இடமில்லை. லகர ஐகாரம் அந்த அளவில் கறுப்புத் திட்டாகத்தான் விழுகிறது.

டயல் ஏன் தோற்றது என்பதை எடுப்பதில் ஒரு சிக்கல். மோடத்தோடு பேசுவது சாட் என்ற நிரல். எந்தப் பதில் வந்து நின்றது என்பதைத் தன் வெளியேறும் எண்ணால் அது சொல்லும்: 3 என்றால் காத்திருந்து நேரமாயிற்று, 4 என்றால் நாம் கொடுத்த முதல் நிறுத்தச் சொல், 5 என்றால் இரண்டாவது, அப்படியே மேலே. ஆனால் சாட்டை ஓட்டுவது பிபிபிடி. அது என்ன காரணமானாலும் 8 என்ற ஒரே எண்ணைத்தான் வெளியே விடும், இணைக்கும் ஸ்கிரிப்ட் தோற்றது என்று. எனவே பிபிபிடிக்குச் சாட்டை நேராகக் கொடுக்காமல், நான்கு வரி ஷெல் ஸ்கிரிப்டைக் கொடுத்தேன். அது டயல் தொடங்கும் நேரத்தைக் குறிக்கும், சாட்டை ஓட்டும், அதன் எண்ணை ஒரு கோப்பில் போடும், அதே எண்ணோடு வெளியேறும். 4 பிஸி. 5, 6 இரண்டும் டோன் இல்லை, ஏனென்றால் சில மோடங்கள் அந்தப் பதிலை ஒரே சொல்லாகவும் சில இரண்டு சொல்லாகவும் சொல்லும். இரண்டையும் நிறுத்தச் சொல்லாகக் கொடுப்பது நல்லது. நம் ஊர் டயல் டோனை டோன் என்றே ஒப்புக்கொள்ளாத மோடங்களும் உண்டு. அவற்றுக்கு எக்ஸ்3 என்ற மோடம் கட்டளை கொடுத்து டோனுக்குக் காத்திராமல் டயல் செய்ய வைக்கலாம், ஆனால் டோன் இல்லை என்ற செய்தி பிறகு கிடைக்காது. கடை மோடம் ஒப்புக்கொண்டது, எக்ஸ்4 வைத்துக்கொண்டேன்.

இணைப்பு வேகமும் அப்படித்தான். இணைந்ததும் மோடம் 115200 என்று பெருமையாகச் சொல்லும். அது கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகம், லைனின் வேகம் அல்ல. டபிள்யூ2 கட்டளை கொடுத்ததும் லைனின் வேகத்தைச் சொன்னது. அதைத்தான் பெட்டியில் காட்டினேன்.

சரி, விளக்கு. டயல் ஆகும்போது ஆரஞ்சு மினுக்கும். சிடி ஏறினால் மஞ்சள். ஐபி-அப் ஓடி, சிடியும் ஏறியிருந்தால்தான் பச்சை. இரண்டில் எது போனாலும் பச்சை இல்லை. சிடி இருக்கும் அந்தக் கோப்பை ரூட் (நிர்வாகிப் பயனர்) மட்டுமே படிக்க முடியும் என்பதால், நொடிக்கு ஒருமுறை அதைப் படித்து ஏறியதா இறங்கியதா என்பதை மட்டும் வேறொரு கோப்பில் எழுதும் சின்ன ஸ்கிரிப்டை ரூட்டாக ஓடவிட்டேன். ஆப்லெட் சாதாரணப் பயனராகவே ஓடியது. டயல் செய்ய, துண்டிக்க என்ற இரண்டு கட்டளைகளுக்கு மட்டும் சூடோ வழியாக நிர்வாகி அனுமதி.

நான்காவது படிக்கு வருவோம். பைட்டுகள் நகர்வதைப் ப்ராக்கின் நெட், டெவ் கோப்பில் படிக்கலாம். அன்றைய கெர்னலில் பைட் எண்ணிக்கை பெரிதானதும் பிபிபி0-வுக்குப் பின்னால் உள்ள முக்காற்புள்ளியோடு எண் ஒட்டிக்கொள்ளும். இடைவெளியை வைத்து வெட்டினால் நெடுவரிசை ஒன்று நகர்ந்துவிடும். முதலில் முக்காற்புள்ளியில் வெட்ட வேண்டும். வரவு நின்றால் உடனே செத்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது; அண்ணாச்சி எதையும் அனுப்பாமல் சும்மா இருக்கலாம். சும்மா இருக்கும்போது நாமே பிங் (பதில் கேட்கும் சின்னப் பாக்கெட்) அனுப்பிப் பார்ப்பதும் வேண்டாம், பிபிபிடியின் சும்மா-இருந்தால்-துண்டி என்ற நேரக்கணக்கை அது கெடுத்துவிடும். நான் பார்த்தது ஒருதலைப் போக்கை. நாம் அனுப்புவது கூடிக்கொண்டே போகிறது, 15 நொடியாக ஒரு பைட்டும் திரும்பி வரவில்லை என்றால் பச்சை மங்கி மஞ்சளாகும். டிசிபி பேச்சில் ஒப்புகை வந்துகொண்டேதான் இருக்க வேண்டும். வராவிட்டால் எங்கோ அடைப்பு. எக்கோ இடைவெளியையும் 10 நொடி ஆக்கிவிட்டேன். செத்த லைன் ஒரு நிமிடத்துக்கு மேல் பச்சை காட்ட வாய்ப்பில்லை.

துண்டிக்கும்போதும் இதே கண்டிப்பு. பொத்தானை அமுக்கியதும் விளக்கு அணையாது. ஆரஞ்சுக்குப் போய், சிடி இறங்கிய பிறகே அணையும். 15 நொடியில் இறங்காவிட்டால் சிவப்பும் ஒரு பீப்பும். அப்படி வந்தால் மோடத்தின் சுவிட்சைக் கையால் அணைத்துவிடுங்கள் என்று அண்ணாச்சியிடம் சொல்லி வைத்தேன்.

பல்ஸ்

துட்டுக் கணக்கு அவருக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். பல்ஸ் என்பது போன் கட்டணத்தின் அலகு. அன்று உள்ளூர் அழைப்புக்கு மூன்று நிமிடம் ஒரு பல்ஸ். 181-வது நொடியில் வைத்தாலும் இரண்டு பல்ஸ்தான். பல்ஸின் நீளம் நேரத்தையும் திட்டத்தையும் பொறுத்து மாறும் என்பதால் அதை அமைப்புக் கோப்பில் விட்டு, கடைக்கு 180 போட்டேன். பெட்டியின் அடியில் உள்ள கோடு 180 நொடியில் இடமிருந்து வலமாக நிரம்பும். கடைசி 20 நொடியில் சிவக்கும். பிறகு காலியாகி மறுபடி தொடங்கும். பக்கத்தில் எத்தனை பல்ஸ் என்ற எண்.

எங்கிருந்து எண்ணுவது? எதிர்முனை போனை எடுத்த நொடியிலிருந்து மீட்டர் ஓடும். மோடங்கள் கீச்சிட்டு முடித்து இணைந்தோம் என்று சொல்வது அதற்கு 20, 30 நொடி கழித்து. எடுத்த நொடியை மோடம் நமக்குச் சொல்வதில்லை. எனவே எண்ணை டயல் செய்யத் தொடங்கிய நேரத்திலிருந்தே எண்ணினேன். இப்படிச் செய்தால் நம் கோடு உண்மை மீட்டரைவிடச் சில நொடி முந்தியே நிரம்பும். முந்தினால் நஷ்டமில்லை, பிந்தினால் ஒரு பல்ஸ் போகும்.

துண்டிக்கும் பொத்தானை மவுஸின் வலது பொத்தானால் அமுக்கினால் 'இந்தப் பல்ஸோடு கட்' என்று அர்த்தம். பல்ஸ் முடிய 10 நொடி இருக்கும்போது தானே துண்டிக்கும். அந்த நேரத்தில் நொடிக்கு 500 பைட்டுக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தால் விட்டுவிட்டு அடுத்த பல்ஸின் முடிவில் பார்க்கும். பாதி மெயிலில் அறுப்பதைவிட ஒரு பல்ஸ் கொடுப்பது மலிவு.

2 எம்பி பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 4,200 வீதம் எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல். மெயிலில் இணைப்பாக வைத்தால் குறியாக்கத்தால் மூன்றில் ஒரு பங்கு கூடி 11 நிமிடம். பாக்கெட் தலைப்புகளும் ஆரம்பக் கீச்சும் சேர்ந்தால் நான்காவது பல்ஸின் விளிம்பில் வந்து நிற்கும். அண்ணாச்சி கோட்டைப் பார்த்துக்கொண்டே இதைத் தானாகக் கண்டுபிடித்துவிட்டார். படத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்தால் மூன்று பல்ஸில் முடிகிறது என்று பக்கத்தை அனுப்பும் முன்பே கணக்குப் போட ஆரம்பித்தார். "இந்தப் படத்த இவ்வளவு பெருசா வச்சு என்னத்துக்கு? நோட்டீஸ்ல கட்டைவிரல் அளவுதான வரும்." வேகம் காட்டும் வரைபடத்தை அவர் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. நான் பார்ப்பேன்; 4,200-இல் ஒரு மெல்லிய கோடு போட்டிருந்தேன். சுருக்கிய கோப்பு அதைத் தொட்டுத் தொட்டு நிற்கும், வெறும் உரை மெயில் மோடத்தின் சொந்தச் சுருக்கலால் அதையும் தாண்டி ஏறும்.

ஐப்பசி மழையில் பெட்டி இன்னொரு வேலைக்கும் பயன்பட்டது. இணைந்த வேகத்தைத் தேதியோடு ஒரு கோப்பில் எழுதச் செய்திருந்தேன். வெயில் நாளில் 31200, 33600 என்று ஏறிய லைன், மழை பெய்த மறுநாளெல்லாம் 21600, 19200. வி.34 என்ற மோடம் முறையில் வேகங்கள் 2400-இன் படிகளில்தான் இறங்கும், அதனால் படிப்படியாகத் தெளிவாகத் தெரிந்தது. "லைன் சரியில்லை" என்று சொன்னபோதெல்லாம் வந்தவர்கள் போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்து, நல்லாத்தான இருக்கு என்று போயிருந்தார்கள். பேச்சுக்குத் தெரியாத இரைச்சல் மோடத்துக்குத் தெரியும். இந்தத் தாளைக் காட்டியதும் லைன்மேன் அண்ணன் ஒருவர் பொறுமையாகக் கம்பத்திலிருந்து கடைவரை வயரைத் தடவிக்கொண்டே வந்து, சன்ஷேடுக்குக் கீழே களிம்பு பிடித்திருந்த ஒரு முறுக்கு இணைப்பைக் கண்டுபிடித்தார். வெட்டிப் புதிதாக முறுக்கி, தண்ணீர் இறங்காமல் டேப் சுற்றிவிட்டுப் போனார். அடுத்த மழையில் வேகம் ஒரு படிக்கு மேல் இறங்கவில்லை. இடி மின்னலுக்கு மட்டும் பெட்டியால் ஒன்றும் செய்ய முடியாது. மேற்கே மலைமேல் கறுத்தால் போன் வயரை மோடத்திலிருந்து பிடுங்கி வைத்துவிடுவதுதான் வழி.

பல வருடம் கழித்து மணிமுத்தாறு பக்கம் ஒரு தோப்பு வீட்டில் சிம் போட்டு இணையம் பிடிக்கும் யுஎஸ்பி டாங்கிளுக்கு இதே பெட்டியை மாற்றி அமைத்தேன். அடியில் இருப்பது அதே பிபிபிடி, அதே சாட். எண் மட்டும் *99#. பல்ஸ் கோடு தேவையில்லை என்பதால் அந்த இடத்தில் சிக்னல். டாங்கிள் இரண்டு போர்ட் காட்டினால் ஒன்றில் இணைப்பு ஓடும்போதே மற்றதில் ஏடி+சிஎஸ்கியூ என்ற கட்டளையால் சிக்னல் அளவைக் கேட்கலாம். 0 முதல் 31 வரை ஓர் எண் வரும். இரண்டால் பெருக்கி 113-ஐக் கழித்தால் டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு) கணக்கு. 10 வந்தால் மைனஸ் 93. சிக்னல் அளவே தெரியவில்லை என்றால் டாங்கிள் 99 என்று பதில் சொல்லும். கோட்டின் நீளத்தை எண்ணிலிருந்து நேராகக் கணக்கிட்டால் அந்த 99-க்குக் கோடு முழுதாக நிரம்பிவிடும். ஆகவே கணக்கிடும் முன்பே 31-க்கு மேற்பட்ட எதையும் பிரித்து, கோட்டைக் காலியாக விட்டு, பட்டையில் 'டோன்' மேல் போட்ட அதே சிவப்புக் கோட்டை வரைய வைத்தேன்.